பருந்தின் இடக்கண்

அத்தியாயம் 14

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அசுவா ஊரில் யாருக்கும் பூசையில் மனம் செல்லவில்லை. போனவர்களும் பாதிரியார் பிரசங்கத்தை எப்போது முடிப்பார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் சட்டென்று முடித்துவிட்டார். அவரிடமும் டிக்கெட் இருந்தது.

தலைநகரில் சாயங்காலம் நாலு மணிக்குக் குளிர்கால லீகின் கடைசி ஆட்டம். சேவல் அணிக்கும் சுறா அணிக்கும். சேவல் அணியின் உயிரே ராதமேஸ்தான். அமெரிக்காவில் பதினேழு வருஷம் பேஸ்பால் ஆடிப் பேர் வாங்கியவன். ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலமும் சொந்த நாட்டுக்கு வந்து மட்டை பிடிப்பவன். சுறா அணியின் முக்கியப் பிட்சருக்குத் தோள்பட்டை போய்விட்டது என்றும், அவனுக்குப் பதிலாக இன்று பந்து எறியப்போவது ராதமேஸின் தம்பி தனிலோ என்றும் நேற்று ராத்திரி ரேடியோவில் சொன்னார்கள். அதற்கப்புறம் ஊர் தூங்கவில்லை.

எர்சிலியாவின் ஒரு மகன் எறிய வேண்டும். இன்னொரு மகன் அடிக்க வேண்டும்.

"தனிலோ! அண்ணன்கிட்ட உதை வாங்குறதுக்கு ரெண்டு மணி நேரம் பயணம் பண்ணணுமா? வீட்டுலயே வாங்கிக்கலாமேப்பா!"

தெருமுனைக் கடையில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள்.

"நீங்க முதல்ல கடைக்காரர் கடனைக் கட்டுங்க. அப்புறம் எனக்கு யோசனை சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குள் நுழைந்தான் தனிலோ.

எர்சிலியா பாலாடைக்கட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். வாழைக்காய் மசியல் மேஜையில் ஆவி பறந்தது.

"அம்மா, இன்னிக்கு நீ யார் கட்சி?"

"தோக்குறவன் கட்சி. ஜெயிச்சவனைத் தூக்கி வெச்சு ஆட ஊரே இருக்கு. தோத்தவனுக்குச் சோறு போட நான்தானே இருக்கேன்?"

"அப்போ என் கட்சின்னு சொல்லு."

"வாயைக் கழுவுடா. உக்காந்து சாப்பிடு."

தனிலோ சிரித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முப்பத்தொரு வயது. இன்று நன்றாக எறிந்தால் அடுத்த வருஷமும் ஒரு சட்டை, ஒரு எண். சரியாகப் போகவில்லை என்றால் மைத்துனனின் லாரியில் தக்காளி ஏற்றப் போக வேண்டியதுதான். அதை மேனேஜர் சுற்றி வளைக்காமலே சொல்லியிருந்தார்.

அண்ணன் விஷயம் வேறு. அவனை எட்டு வயதிலேயே ஊர் கண்டுகொண்டது.

அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் துடைப்பக் கட்டைதான் மட்டை. தண்ணீர்க் கேன் மூடிதான் பந்து. மூடி காற்றில் வளையும், தொங்கும், திடீரென்று எழும்பும். வளர்ந்த ஆண்களே பத்தில் ஒன்றை அடித்தால் மார்தட்டிக்கொள்வார்கள். ராதமேஸ் அடிப்பதற்கு முன்னால் மூடியின் நிறத்தையும் சொல்வான். "நீலம்!" என்பான், அடிப்பான். "வெள்ளை, ஓரம் உடைஞ்சது!" என்பான், அடிப்பான்.

கடைக்காரர் ரொமேரோவுக்குச் சந்தேகம். ஒரு மூடியின் உள்பக்கம் பேனாவால் ஓர் எழுத்தை எழுதி, யாருக்கும் காட்டாமல் எறிந்து பார்த்தார். அடிபட்ட மூடி எதிர்வீட்டுத் தகரக் கூரைமேல் போய் விழுந்தது.

"எஸ்" என்றான் பையன்.

ஏணி போட்டு ஏறி எடுத்துப் பார்த்தார்கள். எஸ்தான். ரொமேரோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் தனிலோ. வயது மூன்றுதான் என்றாலும், அது தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று அவன் சத்தியம் செய்வான்.

பதினாறு வயதில் அண்ணனை அமெரிக்கா கூட்டிப்போனார்கள். பத்தொன்பதில் பெரிய லீகில் இறக்கினார்கள். முதல் ஆட்டத்தன்று அசுவாவில் கரண்ட் இல்லை. பெட்ரோல் பங்கில்தான் ஜெனரேட்டர். ஊர் மொத்தமும் அங்கே ஒரே டிவி முன்னால் நின்றது. பஸ்காரர்கள் பயணிகளோடு வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார்கள். அந்த வாரமே அமெரிக்கப் பத்திரிகைகள் அவனுக்குப் 'பருந்து' என்று பேர் வைத்தன. அடிக்கும் கலையில் அவன் தொடாத விருது இல்லை.

தம்பி என்பதற்காகவே தனிலோவையும் ஒரு கிளப் எடுத்தது. கீழ்மட்ட அணிகளில் ஆறு வருஷம் பஸ்ஸிலேயே தூங்கினான். அப்புறம் மெக்சிகோ, நிகரகுவா, ஒரு வருஷம் இத்தாலி. போன இடமெல்லாம் "பருந்தோட தம்பியா?" என்றுதான் கேட்டார்கள். அவன் பொறாமைப்படவும் முயன்று பார்த்திருக்கிறான். அண்ணன் மட்டையைத் தூக்கியதும் அது மறந்துபோய்விடும். வாயைப் பிளந்து பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

கொல்லைப்புறத்தில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

தனிலோ தட்டோடு எழுந்து போனான். ராதமேஸ் துடைப்பக் கட்டையோடு நின்றுகொண்டிருந்தான். அவன் மகள் நொயேலியா கேன் மூடியைப் பக்கவாட்டில் சுழற்றி எறிந்தாள். மூடி இடப்புறத்திலிருந்து அவன் உடம்பை நோக்கி வளைந்து வந்தது. கட்டை காற்றை அறுத்தது.

"அப்பா அவுட்டு! பருந்து அவுட்டு!"

இன்னொன்று. அதுவும் இடப்புறம். அதுவும் போச்சு.

"விட்டுக்கொடுத்தேன்டி, குட்டி" என்று சிரித்தான் ராதமேஸ்.

தனிலோ மெல்லுவதை நிறுத்தினான். அண்ணன் ஜென்மத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்தவன் இல்லை. காய்ச்சலில் கிடந்த அம்மாவையே டொமினோவில் தோற்கடித்து, எழுந்து கை தட்டியவன்.

தட்டைத் தொட்டிமேல் வைத்தான். அண்ணனின் இடப்பக்கமாகப் போய் நின்று, கார்ச்சாவியை எடுத்தான்.

"அண்ணே, சாவி!"

மெதுவாகத்தான் போட்டான். கைக்குழந்தை பிடிக்கும் வேகம். சாவி ராதமேஸின் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. பட்ட பிறகுதான் அவன் திரும்பினான்.

ஒரு நொடி இருவரும் தரையில் கிடந்த சாவியைப் பார்த்தார்கள்.

"வயசாகுதுடா" என்றான் ராதமேஸ். குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

துணிக்கொடிக்குப் பின்னாலிருந்து யஹைரா வந்தாள். ராதமேஸின் மனைவி. கையில் அவனுடைய ஈரச் சட்டை. பிழிந்தது போதாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டியா?" என்றாள்.

"எத்தனை நாளா, அண்ணி?"

"ஆகஸ்ட்லேர்ந்து. இடக்கண்ணுல ஓரத்துலேர்ந்து திரை மாதிரி ஒண்ணு இறங்குதாம். பாதிக்கு மேல இறங்கிடுச்சு. ரெண்டு டாக்டர் பாத்தாச்சு. இனிமே ஆடவே கூடாதுன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க."

"அவரை எடுக்கப்போற அமெரிக்க கிளப்புக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா கையெழுத்துப் போடுவாங்களா? அவங்க ஆளு இபார்ரா இன்னிக்கு மைதானத்துக்கு வர்றாரு. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம். கண் சோதிக்கிற பலகையில இருக்கிற எழுத்தை உங்கண்ணன் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காரு. ராத்திரி படுக்கையில ஒப்பிக்கிறாரு, தனிலோ. ஜெபம் பண்ற மாதிரி."

"இந்த சீசன் பூரா எப்படி அடிச்சாரு?"

"எவனாவது அவருக்கு உள்பக்கம் போட்டானா? நல்லா யோசிச்சுப் பாரு."

யோசித்தான். யாரும் போடவில்லை. உடம்பை ஒட்டி வரும் பந்தைப் பருந்து கொன்றுவிடும் என்பது பதினேழு வருஷத்துப் பேச்சு. அதனால் எல்லாரும் தள்ளியே எறிந்தார்கள். அவர்களுடைய பயம்தான் இத்தனை நாளாக அண்ணனைக் காப்பாற்றியிருக்கிறது.

"நீ மட்டும் உள்ளே போட்டுடாதே" என்றாள் யஹைரா. "தலைப்பக்கம் வர்ற பந்து அவருக்குத் தெரியாது. குனிய மாட்டாரு. அப்படியே நிப்பாரு."

"தள்ளிப் போட்டா என்னைக் கிழிச்சிடுவாரு, அண்ணி. இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாள் கிடையாது."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

உள்ளேயிருந்து எர்சிலியா காபி ஆறிப்போகிறது என்று கத்தினாள். யஹைரா சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

*

நாலு மணிக்கு மைதானத்தில் ஊசி போட இடமில்லை. மேளமும் ஊதுகொம்பும் காதைக் கிழித்தன. சுறா அணிக் கூட்டம் நிஜச் சேவல் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டியது. சேவல் அணிக் கூட்டம் பெரிய மீன் தலையைக் குச்சியில் குத்திக்கொண்டு வந்திருந்தது. நாற்றம் பிட்சர் மேடு வரை அடித்தது.

முதல் தடவை ராதமேஸ் மட்டையோடு வந்தபோது தனிலோ அண்ணி சொன்னதையே செய்தான். தள்ளி எறிந்தான். நல்ல பந்து, வளைந்து விழுகிற பந்து.

சத்தம்தான் முதலில் வந்தது. மற்றவர்கள் அடித்தால் வேறு சத்தம் வரும். இது பச்சை மரத்தைக் கோடாலி பிளக்கிற சத்தம். பந்து வேலியின் அடியில் போய் மோதியது. இரண்டு ரன். தனிலோ ஒரு கணம் தன் கட்சியையே மறந்து, 'அடேயப்பா' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான்.

இன்னிங்ஸ் முடிந்ததும் மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரையும் மாதிரி தள்ளிப் போடவா உன்னை இறக்கினேன்? உள்ளே போடுடா! உன் அண்ணன்தானே, சாப்பிட்டுடுவானா?"

தனிலோ தண்ணீர் குடித்தான். தலைப்பக்கம் போட முடியாது. ஆனால் முழங்கால் பக்கம்? உடம்பை ஒட்டி, தாழ்வாக. தப்பினால் காலில் படும். வலிக்கும். உயிர் போகாது.

இரண்டாவது தடவை அப்படித்தான் எறிந்தான். முழங்கால் உயரம், உள்பக்கம். மட்டை சுழன்றது, பந்து பின்னால் பிடிக்க உட்கார்ந்திருந்த கேட்சரின் கையுறையில் இருந்தது. மறுபடி அதே இடம். மறுபடி காற்று. மூன்றாவதும் அப்படியே. மூன்று தவறவிட்டால் ஆள் வெளியே.

மேளம் நின்றுவிட்டது. பருந்து ஒரே இடத்தில் வந்த மூன்று பந்தைத் தொடக்கூட முடியாமல் போனதை அந்த மைதானம் பார்த்ததில்லை.

ராதமேஸ் போகாமல் நின்று தம்பியைப் பார்த்தான். கோபம் இல்லை. 'ஆக, உனக்குத் தெரியும்' என்கிற பார்வை. அப்புறம் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

மூன்றாம் பேஸுக்குப் பின்னால், கூட்டத்தில் யஹைரா எழுந்து நின்றிருந்தாள். தனிலோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். சுறா அணி ஒரு ரன் முன்னால் இருந்தது. சேவல் அணிக்காரன் ஒருவன் ஏற்கெனவே பேஸில், ரன்னுக்குக் காத்து நின்றான். ஒலிபெருக்கி ராதமேஸின் பேரைச் சொல்வதற்குள் கூட்டமே சொல்லிவிட்டது.

மேனேஜர் மேட்டுக்கு நடந்து வந்தார். "கை எப்படி இருக்கு?"

"கைக்கு ஒண்ணுமில்லை."

"வேற ஆளை இறக்கட்டுமா?"

வேறு ஆள். அவன் எங்கே எறிவான் என்று யாருக்குத் தெரியும்? தலையைக் குறிவைத்தாலும் வைப்பான்.

"வேணாம். அவரை நான் பாத்துக்குறேன்."

கேட்சர் குந்தி உட்கார்ந்து, எங்கே எறிவது என்று தன் தாடையைத் தொட்டுக் காட்டினான். உயரமாக, உள்ளே. தனிலோ தலையாட்டி மறுத்தான். மறுபடி தாடை. மறுபடி மறுப்பு. கேட்சர் தரையில் துப்பிவிட்டு முழங்காலைத் தொட்டான்.

முதல் பந்து: தாழ்வு, உள்பக்கம். காற்று. இரண்டாவதும் அதே. காற்று.

இன்னும் ஒன்று. சுறாக் கூட்டம் காலால் தரையை இடித்தது. தனிலோவின் உள்ளங்கையில் வியர்வை ஊறியது. துடைத்துக்கொண்டுதான் எறிந்தான். ஆனாலும் கையை விட்டுப் போகும்போதே தெரிந்துவிட்டது. விரல் வழுக்கிவிட்டது. பந்து தாழவில்லை. எழும்பியது. நேரே அண்ணனின் முகத்துக்கு.

ராதமேஸ் அசையவில்லை. அவனுக்கு அங்கே ஒன்றுமே வரவில்லை.

"அண்ணே! குனி!"

தொண்டை கிழியக் கத்தினான் தனிலோ. குரல் கேட்ட மாத்திரத்தில் ராதமேஸின் உடம்பு சரிந்தது. பந்து அவன் ஹெல்மெட்டுக்கு மயிரிழை மேலே பறந்து பின்னால் வலையில் போய் விழுந்தது.

தனிலோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். எறிந்தவனே கத்தி எச்சரித்த கதையை யாரும் கேட்டதில்லை. கூட்டம் சிரிப்பதா கூச்சலிடுவதா என்று தெரியாமல் முழித்தது.

ராதமேஸ் எழுந்தான். கால்சட்டைத் தூசியைத் தட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிற மாதிரி பார்த்தான். மறுபடி மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

நின்ற விதத்தைப் பார்த்து கேட்சரே தலையைத் தூக்கினான்.

முப்பது வருஷமாக ராதமேஸ் ஒரே மாதிரிதான் நின்றிருக்கிறான். இடத்தோளை எறிபவன் பக்கம் காட்டி, அதற்கு மேலாக எட்டிப் பார்த்து. சின்னப் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நின்று பழகும் நிலை அது. இப்போது இடக்காலைப் பின்னால் இழுத்து, நெஞ்சை முழுசாகத் தம்பி பக்கம் திருப்பி நின்றான். போட்டோவுக்கு நிற்கும் ஆள் மாதிரி. கற்றுக்குட்டிகூட அப்படி நிற்க மாட்டான்.

தனிலோவுக்கு மட்டும் புரிந்தது. அண்ணன் இடக்கண்ணைக் கைவிட்டுவிட்டான். இனி அவனுக்கு ஒரு கண்தான். அந்த ஒரு கண்ணின் முன்னால் எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறான்.

'சரி, அண்ணே.'

தனிலோ எறிந்தான். வாழ்க்கையில் அதைவிட நல்ல பந்தை அவன் எறிந்ததில்லை. வேகம், வளைவு, இடம் எல்லாம் கச்சிதம். முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து கடைசி நொடியில் உள்ளே ஒடுங்கியது.

பச்சை மரம் பிளந்தது.

திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் திரும்பினான். பந்து விளக்குக் கம்பங்களுக்கும் மேலே போய், வேலியைத் தாண்டி, வெளியே நிறுத்தியிருந்த பஸ்களுக்கும் அப்பால் இறங்கியது. சுறாக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பகையாளி அடித்த ஹோம் ரன்னுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். மீன் தலைக்காரர்கள் அழுதார்கள்.

இரண்டு ரன்; ஆட்டம் முடிந்தது. ராதமேஸ் தலையைக் குனிந்தபடி பேஸ்களைச் சுற்றி ஓடினான். முப்பத்தாறு வயதில், ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள், வாழ்நாள் பூராவும் பழகியதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைக் கற்றுக்கொண்டு அடித்திருக்கிறான். தோற்றோம் என்கிற நினைப்பு தனிலோவுக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். எப்போது கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது.

*

சுறா அணியின் உடைமாற்றும் அறை சீக்கிரம் காலியாகிவிட்டது. தோற்ற அணியில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? தனிலோ மட்டும் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தான்.

"உள்ளே வரலாமா?"

வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர். மியாமியில் வளர்ந்த கியூபாக்காரர். ராதமேஸை எடுக்க வந்திருக்கும் கிளப்பின் ஆள். இபார்ரா.

"தம்பி, பிரமாதமா போட்டே. வசந்தகாலப் பயிற்சி முகாமுக்கு உன்னையும் கூப்பிடணும்னு எனக்குத் தோணுது."

தனிலோ எழுந்து நின்றான். ஐஸ் பை நழுவியது. இந்த வார்த்தைக்காக எத்தனை பஸ்ஸில், எத்தனை ஊரில் காத்திருந்தான்!

"ஆனா ஒரே ஒரு கேள்வி" என்றார் இபார்ரா. "ஏன் கத்தினே?"

"கை வழுக்கிடுச்சு. பயந்துட்டேன்."

"பயந்தா பிட்சர் கண்ணை மூடிக்குவான். கத்த மாட்டான். ஏன்னா அடிக்கிறவனுக்குத்தான் பந்து தெரியுமே. அதுவும் மூடிக்குள்ள எழுதின எழுத்தைப் படிச்ச ஆளாம் உங்கண்ணன். அவருக்குக் குனியச் சொல்லணுமா?"

தனிலோ காலணிக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

"எனக்கு உண்மை பேசுற ஆளுங்கதான் வேணும், தம்பி. உனக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் முழங்காலுக்கே போட்டே."

"இன்னிக்கு அவர் அடிச்சதைப் பாத்தீங்கல்ல?" தனிலோவின் குரல் உயர்ந்தது. "நான் போட்டதுலேயே நல்ல பந்து அது. அதை எங்கே அனுப்பினாருன்னு பாத்தீங்கல்ல? அதுக்கு மேல உங்களுக்கு என்ன தெரியணும்? எனக்கு முகாமும் வேணாம், ஒண்ணும் வேணாம். போங்க சார்."

"தனிலோ, விடு."

வாசலில் ராதமேஸ் நின்றுகொண்டிருந்தான். தலையில் யாரோ ஊற்றிய பீர் இன்னும் வடிந்தது. அவனுக்குப் பின்னால் யஹைரா. எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ.

"அண்ணே, நீங்க வெளியே போங்க. நான் பேசிக்கிட்டு இருக்கேன்."

"நீ பேசுன லட்சணத்தைத்தான் கேட்டேனே. உனக்குப் பொய் சொல்லவே வராதுடா. சின்ன வயசுலேயும் அம்மாகிட்ட நீதான் மாட்டிக்குவே."

ராதமேஸ் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தம்பியையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தான். தரையில் கிடந்த ஐஸ் பையை எடுத்துத் தம்பியின் தோளில் வைத்து அழுத்தினான். தனிலோ வலியில் பல்லைக் கடித்தான்.

"ராதமேஸ்..." என்றாள் யஹைரா. வேண்டாம் என்கிறாளா, சொல் என்கிறாளா என்று தனிலோவுக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது.

இபார்ரா எதிர்ப் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தார்.

"யஹைரா, உள்ளே வா" என்றான் ராதமேஸ். "தனிலோ, கதவைச் சாத்து."

தனிலோ எழுந்து போய்ச் சாத்தினான். வெளியே நடையில் மேளமும் கூச்சலும் பருந்தைத் தேடிக்கொண்டு வந்தன. கதவை இடித்தன. அவன் முதுகைக் கொடுத்துத் தாங்கி நின்றுகொண்டான்.

ராதமேஸ் இபார்ராவை நேராகப் பார்த்தான். பார்ப்பதற்கு முகத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவன் அதை மறைக்கவில்லை.

"எங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றான்.